‘3எல்’ என்றால் மூன்று லிட்டர் இல்லை

“ஹைலக்ஸ் டீசல் ஃபில்டர் ஒன்று கொடும்மா.”

வார இறுதிகளில் நான் வேலை செய்யும் கிள்ளான் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒரு நாளைக்கு நான்கைந்து பேராவது இப்படிக் கேட்பார்கள். “எந்த ஹைலக்ஸ்?” என்று நான் திருப்பிக் கேட்டால், “வெள்ளை ஹைலக்ஸ்” என்பார் ஒருவர். “பழைய மாடல்” என்பார் இன்னொருவர். “ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா கடையில?” என்று பின்பக்கம் எட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. கடைசியில் எல்லோரும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர வேண்டும்: வண்டியின் பானெட்டைத் திறந்து, அந்தச் சின்னத் தகட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

வார நாள்களில் நான் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளோமா மாணவி. வகுப்பில் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று படிக்கிறோம். அந்த எஞ்சினின் பெயரை எப்படி வாசிப்பது என்பதைக் கடைக் கவுண்டரில்தான் படித்தேன். பழைய டீசல் வண்டி வாங்க நினைக்கும் அப்பா, மாமா, அண்ணன் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், இந்தப் படிப்பு உங்களுக்கும் பயன்படும். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 காசிலிருந்து 3 ரிங்கிட் 35 காசுக்கு ஏறிய பிறகு, “பழைய டீசல் வண்டியைத் தள்ளிவிடலாமா?” என்று கேட்டவர்களையும் பார்த்தேன், “மலிவாக வருகிறதே, வாங்கலாமா?” என்று கேட்டவர்களையும் பார்த்தேன். இரண்டாவது வகையில் என் சொந்த மாமாவும் ஒருவர். அவர் கதைக்குப் பிறகு வருகிறேன்.

எழுத்துகளை வாசிப்பது

டொயோட்டாவில் இருந்து தொடங்கலாம். அங்கே எழுத்துகள் ஒழுங்காக வரிசையில் நிற்கும்.

லேண்ட் குரூசருக்கு டொயோட்டா கொடுத்த எழுத்து ‘ஜே’. அதற்கு முன்னால் நிற்பது எஞ்சின் குடும்பத்தின் பெயர். எஃப்.ஜே.40 என்றால் ‘எஃப்’ பெட்ரோல் எஞ்சின் பூட்டிய லேண்ட் குரூசர். பி.ஜே.40 என்றால் அதே உருவத்தில் ‘பி’ டீசல் எஞ்சின். பிற்பாடு வந்த 80 வரிசையிலும் இதே கதைதான். எஃப்.இசட்.ஜே.80 பெட்ரோல், எச்.இசட்.ஜே.80 டர்போ இல்லாத டீசல், எச்.டி.ஜே.80 டர்போ உள்ள டீசல். வெளியே நின்று பார்த்தால் மூன்றும் அண்ணன் தம்பிகள். உள்ளே வேறு வேறு இருதயம்.

ஹைலக்ஸின் எழுத்து ‘என்’. ஆர்.என்., ஒய்.என். என்று தொடங்கினால் பெட்ரோல். எல்.என். என்றால் ‘எல்’ குடும்ப டீசல். மக்கள் ‘விகோ’ என்று அழைக்கும் மாடலில் கே.யு.என். என்று வரும்; அது ‘கே.டி.’ குடும்ப டீசல். கே.யு.என்.25 என்றால் 2.5 லிட்டர் நான்கு சக்கர ஓட்டம், கே.யு.என்.26 என்றால் 3.0 லிட்டர் நான்கு சக்கர ஓட்டம். கே.யு.என்.15, 16 இரண்டும் பின்சக்கர ஓட்டம் மட்டும். ஒரே ஓர் இலக்கத்தில் கியர்பெட்டியும் அச்சும் மாறிவிடுகின்றன.

எஞ்சினுக்கென்று தனிப் பெயர் இருக்கிறது. முதலில் எண், பிறகு குடும்ப எழுத்து, அதன் பிறகு ஒரு கோடு, கோட்டுக்குப் பின்னால் குணங்கள். 1கே.இசட்-டி.இ. என்ற பெயரில் 1 என்பது அந்தக் குடும்பத்தில் எத்தனையாவது பிள்ளை என்பது. கே.இசட். குடும்பம். கோட்டுக்குப் பின்னால் வரும் டி டர்போ. இ என்பது மின்னணுவால் கட்டுப்படும் டீசல் பம்ப். 1கே.டி-எஃப்.டி.வி. என்ற பெயரில் கடைசியில் நிற்கும் ‘வி’ காமன் ரயில் டீசல் என்பதைக் காட்டும்.

தமிழில் எழுதும்போது ஒரு சிக்கல் உண்டு. டர்போவுக்கும் ‘டி’, டீசலுக்கும் ‘டி’. தொலைபேசியில் எண் சொல்லும்போதும் இதே குழப்பம்தான். அதனால் எங்கள் முதலாளி எப்போதும் “டாங்கோ டியா, டெல்டா டியா?” என்று கேட்பார். விமான ஓட்டிகள் பேசுவதுபோல் இருக்கும். அப்படிக் கேட்காத நாளில்தான் தவறான பெட்டி கடையை விட்டு வெளியே போகும்.

இனி தலைப்புக்கு வருவோம். ‘எல்’ குடும்பத்தில் 2எல், 3எல், 5எல் என்று எஞ்சின்கள் உண்டு. இதில் ‘எல்’ குடும்பப் பெயர். லிட்டருக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. 2எல் எஞ்சின் 2.4 லிட்டர். 3எல் எஞ்சின் 2.8 லிட்டர். 5எல் எஞ்சின்தான் கிட்டத்தட்ட மூன்று லிட்டர். நம்பாவிட்டால் பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் இருக்கும் உருளையின் கனஅளவுச் சூத்திரத்தை எடுங்கள். 2எல் எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 92 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 92. ஆரத்தின் வர்க்கத்தை பையால் பெருக்கி, தூரத்தால் பெருக்கி, நான்கு சிலிண்டருக்கு நான்கால் பெருக்கினால் 2,446 கன சென்டிமீட்டர் வரும். 3எல் எஞ்சினில் இரண்டு அளவும் 96, விடை 2,779. 5எல் எஞ்சினில் விட்டம் 99.5, தூரம் 96, விடை 2,986. கிராண்டில் எஞ்சின் கொள்ளளவு என்ற இடத்தில் அச்சாகி இருப்பதும் இதே எண்கள்தான். கணக்கு வகுப்பில் “இது எங்கே பயன்படப் போகிறது?” என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி. இங்கே பயன்படுகிறது.

ஆனால் கொள்ளளவு மட்டும் தெரிந்தால் எஞ்சின் தெரிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 1கே.இசட்., 1கே.டி. இரண்டுக்கும் விட்டம் 96, தூரம் 103. இரண்டும் 2,982. கிராண்டில் ஒரே எண் இருக்கும். ஒன்றில் டீசல் முதலில் ஒரு சிற்றறைக்குள் பீய்ச்சப்பட்டு எரியத் தொடங்கும். சுழலும் ஒற்றைப் பம்ப் நான்கு சிலிண்டருக்கும் டீசலைப் பங்கிடும். மற்றதில் டீசல் மிக உயர்ந்த அழுத்தத்தில் ஒரு பொதுக் குழாயில் காத்திருக்கும். கணினி சொல்லும்போது நோசல் திறக்கும். பழுது பார்க்கும் செலவில் இந்த இரண்டுக்கும் பெரிய தூரம். “மூணு லிட்டர் டீசல் டர்போ” என்று விற்பவர் சொல்வது இரண்டுக்கும் உண்மைதான். அந்த உண்மை உங்களுக்கு உதவாது.

மாமா பார்த்த வண்டி

என் மாமா கோலசிலாங்கூர் பக்கம் இருக்கிறார். பள்ளிப் பேருந்து ஓட்டியவர். 55 வயதில் ஈ.பி.எஃப். பணம் எடுத்ததும் அதில் ஒரு பகுதியைத் தம் சின்னச் செம்பனைத் தோட்டத்துக்கு ஒரு பழைய ஹைலக்ஸ் வாங்க ஒதுக்கி வைத்தார். அதே கோயிலுக்கு வருகிற ஒருவர் விற்கிறார் என்று தெரிந்தது. விலை 18,000 ரிங்கிட். மாமா வாக்குக் கொடுத்துவிட்டார். 2,000 ரிங்கிட் முன்பணத்தை உறையில் போட்டு எடுத்துக்கொண்ட பிறகுதான் எனக்கு அழைப்பு வந்தது.

“பாப்பா, மூணு லிட்டர் வண்டி. ரொம்ப நல்ல மனுசன். நீ சும்மா வந்து ஒரு பார்வை பாரு, போதும்.”

வண்டி பார்க்க அழகாகத்தான் இருந்தது. புதுச் சாயம், புது டயர். எஞ்சின் ஒரே தட்டில் எடுத்தது. விற்பவர் பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்கும் ஓட்டுநர் இருக்கைக்கும் இடையில் உள்ள இரும்புச் சுவரில் ஆணி அடித்திருந்த தகட்டைக் காட்டினார். “பாரும்மா, கம்பெனியே போட்டிருக்கான். 3எல்.”

“அண்ணே, அது எஞ்சின் பேரு. லிட்டர் இல்ல” என்றேன். கிராண்டை வாங்கிப் பார்த்தேன். 2,779 என்று இருந்தது. தகடும் கிராண்டும் ஒத்துப்போகின்றன. வண்டி 2.8, விளம்பரம் 3.0. அவர் வேண்டுமென்று பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அவரும் அப்படியே கேட்டு வாங்கியிருக்கிறார். அதோடு முடிந்திருந்தால் விலையில் ஆயிரம் குறைத்துக்கொண்டு மாமா ஓட்டிக்கொண்டு போயிருப்பார்.

ஆனால் தகடு சொல்வது தொழிற்சாலையில் இருந்து வந்த நாளின் கதை. இன்று உள்ளே என்ன இருக்கிறது என்பதை எஞ்சின் பிளாக்கில் குத்தியிருக்கும் எண்தான் சொல்லும். மாமாவிடம் பழைய துணியும் கொஞ்சம் டீசலும் கேட்டேன். பிளாக்கின் ஓரத்தில் அப்பியிருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன். எழுத்து மெல்லத் தெரிந்தது. 2எல், ஒரு கோடு, அதன்பின் ஏழு இலக்கம். கிராண்டில் இருந்த எஞ்சின் எண் 3எல் என்று தொடங்கியது.

மூவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

எப்போதோ, யாரோ ஒரு பழைய உரிமையாளர், 3எல் எஞ்சின் கெட்டுப்போனதும், ஜப்பானில் இருந்து பாதியாக வெட்டிக் கொண்டுவரப்படும் ஹாஃப்-கட் கடையில் ஒரு 2எல் வாங்கிப் பூட்டியிருக்கிறார். ஒரே குடும்பம் என்பதால் உட்கார்ந்துவிட்டது. ஜே.பி.ஜே.யில் பதிவு செய்யவில்லை. பெயர் மாற்றத்துக்கு முன் நடக்கும் புஸ்பாகோம் பரிசோதனையில் எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் கிராண்டோடு ஒப்பிடுவார்கள். இந்த வண்டி அங்கே நின்றுவிடும். முன்பணம் கைமாறிய பிறகு நின்றால், அது யாருடைய தலைவலி? எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கு ரசீது இல்லாவிட்டால், அது திருட்டு எஞ்சினா இல்லையா என்பதைக்கூட நிரூபிக்க வழியில்லை.

மாமாவுக்கு வாக்கைத் திரும்பப் பெறுவதுதான் பெரிய சங்கடமாக இருந்தது. “கோயில்ல முகத்தப் பாக்கணுமே பாப்பா” என்று காரில் வரும்போது இரண்டு முறை சொன்னார். விற்பவரும் நல்லவர்தான். அந்த எண்ணைப் பார்த்தபோது மாமாவைவிட அவர் முகம்தான் அதிகம் வாடியது. அவர் வாங்கியபோது இந்தப் பரிசோதனையை ஒரு தரகர் ‘பார்த்துக்கொண்டாராம்’. இப்போது எஞ்சின் மாற்றத்தை முறையாகப் பதிவு செய்ய ரசீது தேடி அலைகிறார். உறையில் இருந்த 2,000 ரிங்கிட் உறையிலேயே திரும்பி வந்தது.

எண்கள் எங்கே பிறந்தன

இங்கே பாக எண்களுக்கு வருகிறேன். அந்த வண்டியை மாமா வாங்கியிருந்தால் முதல் சிக்கல் ஜே.பி.ஜே.யில் வந்திருக்கும். இரண்டாவது எங்கள் கடைக் கவுண்டரில் வந்திருக்கும். கிராண்டைப் பார்த்து 3எல் ஹெட் கேஸ்கெட் கேட்பார். உள்ளே இருப்பது 2எல். நான்கு மில்லிமீட்டர் பெரிய ஓட்டை. அதையே தலைகீழாக நினைத்துப் பாருங்கள்: 5எல் எஞ்சினில் 3எல் கேஸ்கெட்டை வைத்தால் அதன் ஓரம் சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும்.

டொயோட்டாவின் பாக எண் பொதுவாகப் பத்து இடம். ஐந்து, ஒரு கோடு, மறுபடியும் ஐந்து. முதல் ஐந்து அது என்ன பொருள் என்று சொல்லும். 11101 என்றால் சிலிண்டர் ஹெட், எந்த வண்டியாக இருந்தாலும். 13568 டைமிங் பெல்ட். 81110 வலப்பக்க முன்விளக்கு, 81150 இடப்பக்கம். 90 என்று தொடங்கினால் அது பேரிங், சீல், போல்ட் போலப் பல மாடல்களுக்குப் பொதுவான சாமான் என்று எடுத்துக்கொள்ளலாம். நிசானும் இதே ஐந்துக்கு ஐந்து முறைதான். எண்கள் மட்டும் வேறு. 15208 ஆயில் ஃபில்டர், 26010 வலது முன்விளக்கு, 26060 இடது.

கோட்டுக்குப் பின்னால்தான் சுவாரசியம். எஞ்சின் சாமான்களில் அங்கே வரும் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் எஞ்சின் குடும்பத்தைக் காட்டும். பழைய டீசல்களில் 54 என்றால் எல் குடும்பம். 64 என்றால் சி குடும்பம். 67 கே.இசட்., 17 எச்.இசட்., 30 கே.டி. ஆகவே 11101-54 என்று தொடங்கும் ஹெட்டைப் பார்த்த உடனே, பெட்டியைத் திறக்காமலே, “இது எல் எஞ்சினுக்கு” என்று சொல்லிவிடலாம். வாடிக்கையாளர் முகத்தில் ஓர் ஆச்சரியம் தெரியும். ஆனால் 2எல், 3எல், 5எல் மூன்றும் 54 என்பதால், மீதி மூன்று இலக்கத்தையும் ஒப்பிடாமல் பணம் வாங்கக் கூடாது என்பது எங்கள் கடைச் சட்டம்.

இதில் ஒரு திருப்பமும் இருக்கிறது. பழைய டொயோட்டா டீசல்களில் அதிகம் விற்கும் ஃபில்டர் ஒன்றின் எண் 23303-64010. 64 என்பதால் அது சி குடும்பத்துக்குப் பிறந்தது. ஆனால் எல் எஞ்சினுக்கும் எச்.இசட். எஞ்சினுக்கும் அதையேதான் போடுகிறோம். எண் அந்தச் சாமான் எங்கே பிறந்தது என்று சொல்லும். எங்கெல்லாம் வாழ்க்கைப்பட்டது என்று சொல்லாது. அதற்குப் பாகப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். 

எண் மாறுவதும் உண்டு. கே.யு.என். ஹைலக்ஸின் டீசல் ஃபில்டர் முன்பு 23390-0எல்010 என்று வந்தது. பிறகு 23390-0எல்041 ஆனது. “அண்ணே, நம்பர் வேற” என்று பையன்கள் திருப்பி அனுப்புவார்கள். பழைய எண்ணுக்குப் பதிலாகக் கம்பெனியே புது எண் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். (இந்த 0எல் எழுத்துக்கும் எல் எஞ்சினுக்கும் உறவில்லை. இப்படித்தான் குழப்புவார்கள்.)

பென்ஸ் டீசல்

ஒரு காலத்தில் இந்நாட்டின் வெளியூர் டாக்ஸி என்றாலே பென்ஸ் டீசல்தான். இன்றும் பழைய 123, 124 வரிசை பென்ஸ் டீசல்களை ஆசையாகத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். என் வகுப்பிலேயே ஒருவன் இருக்கிறான். பென்ஸின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் எண்ணைப் பொதுவாக லிட்டராக வாசிக்கலாம்: 240டி என்றால் 2.4, 300டி என்றால் 3.0. ‘பொதுவாக’ என்று சொல்லக் காரணம், 1974-இல் வந்த ஒரு மாடலின் பெயரே 240டி 3.0. உள்ளே மூன்று லிட்டர், ஐந்து சிலிண்டர். உற்பத்திக்கு வந்த கார்களில் ஐந்து சிலிண்டர் டீசல் எஞ்சின் அதில்தான் முதலில் வந்தது.

பெயரை நம்பாமல் சேசிஸ் எண்ணைப் பாருங்கள். ஐரோப்பிய முறையில் டபிள்யூ.டி.பி. என்ற மூன்று எழுத்துக்குப் பிறகு ஆறு இலக்கம் வரும். 123123 என்றால் 240டி. 123130 என்றால் 300டி. 124130 என்றால் 124 உடலில் 300டி. அதற்கு அடுத்த இலக்கம், அதாவது பத்தாவது இடம், 1 என்றால் இடப்பக்க ஸ்டியரிங், 2 என்றால் வலப்பக்கம். “சேசிஸ் எண்ணில் பத்தாவது எழுத்து தயாரிப்பு ஆண்டு” என்று காணொளிகளில் சொல்லிக் கொடுப்பார்கள். அமெரிக்காவுக்குச் செய்த வண்டிகளில் அது சரி. உலகம் முழுதும் அப்படி இல்லை. பென்ஸில் அந்த இடத்தில் இருக்கும் 2-ஐப் பார்த்து 2002 என்று நினைத்துவிடாதீர்கள்.

பென்ஸ் டீசல் எஞ்சின்களின் பெயர் ஓ.எம். என்று தொடங்கும். ஜெர்மன் மொழியில் எண்ணெய் எஞ்சின் என்று பொருள். 616 என்றால் 240டி-யின் நான்கு சிலிண்டர், 617 என்றால் 300டி-யின் ஐந்து சிலிண்டர். 124 வரிசையில்தான் கவனம் வேண்டும். முன்பு வந்த 250டி-யில் ஓ.எம்.602. 1993 வாக்கில் பெயர் இ250 டீசல் என்று மாறியபோது உள்ளே ஓ.எம்.605 வந்தது. இரண்டும் ஐந்து சிலிண்டர், இரண்டும் 2,497. ஆனால் முதலாவதில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு வால்வு, அடுத்ததில் நான்கு. ஹெட், கேஸ்கெட் எதுவும் சேராது.

பென்ஸ் பாக எண் ‘ஏ’ என்று தொடங்கிப் பத்து இலக்கம் வரும். முதல் மூன்று எந்த வண்டி அல்லது எஞ்சினுக்குப் பிறந்தது. அடுத்தது எந்தப் பிரிவு. 07 டீசல் பம்ப் பகுதி, 18 எண்ணெய் ஓட்டம், 20 குளிரூட்டல், 42 பிரேக், 82 மின்விளக்கு. ஏ601 18 என்று தொடங்கும் ஆயில் ஃபில்டரை 602-க்கும் 603-க்கும் போடுவார்கள். 601 நான்கு சிலிண்டர், 602 ஐந்து, 603 ஆறு; மூவரும் ஒரே தாய் மக்கள்.

ஒரே பெயர், இரண்டு ஆள்

மாமா கடைசியில் வாங்கியது மிட்சுபிஷி ஸ்டோர்ம். மாடல் குறியீடு கே74டி, எஞ்சின் 4டி56. மிட்சுபிஷி முறை எனக்கு மிகவும் பிடிக்கும், எதையும் ஒளிக்காது. முதல் எண் சிலிண்டர், அடுத்த எழுத்து டீசலா பெட்ரோலா. பழைய புரோட்டோன் சாகாவின் 4ஜி13, 4ஜி15 எஞ்சின்களில் உள்ள ‘ஜி’ பெட்ரோல். 4டி56-இல் உள்ள ‘டி’ டீசல்.

அப்படி ஒளிக்காத கம்பெனியும் ஓர் இடத்தில் காலை வாரும். பின்னால் வந்த டிரைட்டன் கே.பி.4டி வண்டியிலும் எஞ்சின் பெயர் 4டி56-தான், கொள்ளளவும் அதே 2,477-தான். ஆனால் ஸ்டோர்மில் இருப்பது ஒற்றைக் கேம், சுழலும் பம்ப். டிரைட்டனில் இரட்டைக் கேம், 16 வால்வு, காமன் ரயில். “4டி56 ஹெட் கேஸ்கெட்” என்று மட்டும் கேட்டால் பாதி வாய்ப்பு தவறாக முடியும். இந்த இடத்தில் எஞ்சின் பெயர் போதாது. மாடல் குறியீடும் வேண்டும். பாக எண்ணின் உருவமே ஓரளவு காட்டிக்கொடுக்கும்: பழைய எஞ்சின் சாமான்கள் எம்.டி. என்ற இரண்டு எழுத்தும் ஆறு இலக்கமுமாக வரும். புதியவை நான்கு இலக்கம், ஓர் எழுத்து, மூன்று இலக்கம்.

இந்தத் தடவை மாமாவே பானெட்டுக்குள் தலையை விட்டு எண்ணைத் துடைத்தார். கிராண்டும் பிளாக்கும் ஒத்துப்போன பிறகுதான் விலை பேசினார். விலை 16,500. வாங்கிய வாரமே டைமிங் பெல்ட் மாற்றச் சொன்னேன். 4டி56-இல் இரண்டு பெல்ட் உண்டு, பேலன்ஸ் ஷாஃப்டுக்கு ஒன்று தனி. பட்டறையில் சிலர் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு அனுப்புவார்கள். பழைய சின்ன பெல்ட் அறுந்து புதுப் பெரிய பெல்ட்டில் சிக்கினால் வால்வுகள் பிஸ்டனில் மோதும்.

போய்ப் பார்க்கும்போது

வண்டி பார்க்கப் போகும்போது நான்கு படம் எடுங்கள்: பானெட்டுக்குள் இருக்கும் தகடு, பிளாக்கில் உள்ள எஞ்சின் எண், சட்டத்தில் குத்தியிருக்கும் சேசிஸ் எண், கிராண்ட். ஹைலக்ஸில் சேசிஸ் எண் வலது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் இரும்புச் சட்டத்திலேயே இருக்கும். 17 இடம் கொண்ட சேசிஸ் எண்ணில் ஐ, ஓ, க்யூ என்ற எழுத்துகள் வரவே கூடாது. ஒன்றும் பூஜ்யமும் என்று குழம்புவதால் விலக்கிவிட்டார்கள். யாராவது ‘ஓ’ போட்டு எழுதிக் கொடுத்தால் அது பூஜ்யம். முதல் மூன்று எழுத்து பி.எல்.1 என்றால் புரோட்டோன், பி.எம்.2 பெரோடுவா, பி.என்.1 இங்கேயே பூட்டப்பட்ட டொயோட்டா, எம்.ஆர்.0 தாய்லாந்து டொயோட்டா. ஜப்பானில் ஓடிவிட்டு வந்த ரீகண்டிஷன் வண்டிக்கு 17 இடம் இருக்காது, கே.இசட்.ஜே.78, ஒரு கோடு, ஏழு இலக்கம் என்று குட்டையாக இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

காமன் ரயில் வண்டியானால் நோசலையும் பாருங்கள். டென்சோ நோசலின் எண் 095000 என்று தொடங்கும். டொயோட்டா பெட்டியில் வந்தால் 23670. பாஷ் என்றால் 0445. பழைய சுழலும் பாஷ் பம்ப் 0460. எண் 0986 என்று தொடங்கினால் அது வண்டியோடு பிறந்தது இல்லை, பின்னால் மாற்றிய சாமான். அதனால் மட்டம் என்று அர்த்தமில்லை, நல்ல சாமான்தான். ஆனால் ‘ஒரிஜினல், கையே வைக்கவில்லை’ என்று விற்பவர் சொல்லும்போது நீங்கள் அந்த நான்கு இலக்கத்தைப் பார்த்துப் புன்னகைக்கலாம். சில காமன் ரயில் நோசல்களின் தலையில் நீண்ட குறியீடு ஒன்று அச்சாகி இருக்கும். நோசல் மாற்றினால் அதை ஸ்கேனர் வழியாக வண்டியின் கணினிக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்ட வண்டி நிற்கும்போது நடுங்கும், புகையும் வரலாம்.

பெட்டியில் உள்ள எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள். பெட்டி அச்சடிப்பது சுலபம். சாமானின் மேல் பொறித்த எண்ணும் பெட்டியின் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா, எழுத்து ஆழமாகவும் நேராகவும் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் முதலாளி பழைய சாமானைக் கொண்டுவரச் சொல்வது இதனால்தான். தேய்ந்துபோன பழைய பேரிங் ஒன்று, பளபளக்கும் புதுப் பெட்டியைவிட அதிகம் பேசும்.

இன்னொன்று. வண்டியின் இருக்கைக்கு அடியிலும் பின்பெட்டியிலும் கிடக்கும் காலிப் பெட்டிகளையும் ரசீதுகளையும் குப்பை என்று ஒதுக்காதீர்கள். மாமாவின் ஸ்டோர்மில் இருக்கைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பையில் ஏழு பழைய பெட்டி இருந்தது. ஹீட்டர் பிளக், ஃபேன் பெல்ட், வாட்டர் பம்ப். ஒவ்வொன்றிலும் எண், சிலவற்றில் தேதியும் கிலோமீட்டரும் பேனாவால். அவற்றை எல்லாம் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். மாமா அதை டேஷ்போர்டுக்குள் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்; சாமான் வாங்க வரும்போது பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடுவார்.